நல்ல தண்ணி

பல்கலைக்கழகத்தின் பின்கேட்டைப் பூட்டப்போகிறார்கள் என்பது மோகனப்பிரியாவுக்கு முந்தின நாளே தெரியும். அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் காலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கால் பழகிய பக்கமே நடந்தது. மேட்டுத்தெரு முனையில் திரும்பி, அடிபம்பைத் தாண்டி, சவரியம்மாளின் இட்லிக் கடை முன்னால் வந்து நின்ற பிறகுதான் எதிரே தொங்கிய புதுப்பூட்டைப் பார்த்தாள்.

இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் விடுதிப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் கம்பிக்குள் கையை நீட்டி, "அக்கா, இப்பிடியே ஒரு ப்ளேட்டு குடுத்துடுங்க," என்றான். உள்ளே எங்கேயோ காவலாளியின் விசில் கேட்டது. பையன் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஜெயில்ல இருக்கறது அவுங்களா நாமளான்னு தெரியல," என்றாள் சவரியம்மாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீ சுத்திக்கிட்டுதான் போவணும் பாப்பா. உக்காரு, சாப்புட்டுட்டுப் போ. அவிச்சதையெல்லாம் யாரு திங்கறது?"

மோகனப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. இட்லியைப் பொடியில் தொட்டுச் சாப்பிட்டாள். சட்னியைத் தொடவில்லை. டம்ளரில் தண்ணீர் வந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான் செய்கிறாள். சவரியம்மாள் அதைக் கவனிக்கிறாளா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

வெள்ளாறு பல்கலைக்கழகம் சிதம்பரத்தை விட்டுப் புவனகிரி போகிற வழியில் இருக்கிறது. தனியார் நடத்துவது. அதன் பின்சுவரை ஒட்டிய மேட்டுத்தெரு அதற்கும் முந்தியது. தெருவில் பாதிப்பேர் உள்ளே வேலை பார்க்கிறார்கள். விடுதியில் சமைப்பது, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று ஏதாவது ஒன்று. மீதிப்பேர் வெளியே இருந்தபடி பல்கலைக்கழகத்தை நம்பிப் பிழைக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை, ஆட்டோ, இஸ்திரி வண்டி, சவரியம்மாளின் இட்லி. மோகனப்பிரியா காட்டுமன்னார்கோயிலிலிருந்து படிக்க வந்து விடுதியில் தங்கிய காலத்தில் ஒருமுறை காய்ச்சலில் விழுந்தாள். அப்போது இதே கம்பி வழியாகத்தான் சவரியம்மாள் கஞ்சியும் துவையலும் கொடுத்தாள். இப்போது மோகனப்பிரியா அதே பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் துறையில் உதவிப் பேராசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தெருவுக்கு அவள் மேடம். சவரியம்மாளுக்கு மட்டும் பாப்பா.

மாசி பிறந்ததிலிருந்து தெருவில் மஞ்சள்காமாலை. முதலில் தெருக்காரி செல்லாயியின் மகனுக்குக் கண் மஞ்சளானது. பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. தெருவே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, விடுதியிலும் சில பையன்கள் படுத்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் பின்கேட்டில் சாப்பிடுகிறவர்கள் என்று வார்டன் கூட்டத்தில் சொன்னார். "வெளியிலேருந்துதான் சார் உள்ள வருது," என்றார். யாரோ இட்லிக் கடையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள். துறைத்தலைவர் நடனசபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தெரு உங்களுக்கு நல்லாத் தெரியுமே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று வார்டன் மோகனப்பிரியாவைக் கேட்டார்.

"பாத்துதான் சொல்லணும் சார்," என்றாள் அவள்.

அவள் பார்த்தாகிவிட்டது. திருவாதிரை விடுமுறை முடிந்து வந்த அன்றே பார்த்தாகிவிட்டது.

கார்த்திகை மழை விட்ட கையோடு பல்கலைக்கழகம் 'ஊரோடு உறவு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லி மோகனப்பிரியாவைத்தான் அனுப்பினார்கள். மேட்டுத்தெரு கேட்டது தண்ணீர். அங்கே எங்கே போர் போட்டாலும் உப்புதான் வரும். கடல் அப்படி ஒன்றும் தூரத்தில் இல்லை. அந்தப் பக்கத்துச் சனங்கள் தண்ணீரை இரண்டாகத்தான் பிரிப்பார்கள். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மாரியம்மன் கோயில் பக்கம் பம்பைப் போடத்தான் தெருக்காரர்கள் கேட்டார்கள். திறப்பு விழாவுக்கு வரும் துணைவேந்தரின் கார் அந்தச் சந்தில் நுழையாது என்று இடத்தைப் பின்கேட்டு அருகே மாற்றினார்கள். அங்கே சுவருக்கு அந்தப் புறம் விடுதியின் கழிவறைத் தொட்டி இருக்கிறது. இடம் மாறியபோது மோகனப்பிரியாவுக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை. கொஞ்சம் தள்ளித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது. ஆச்சரியமாக, உப்பே இல்லை. அவளே ஆய்வுக்கூடத்தில் வைத்து உப்பைச் சோதித்தாள், கடினத்தன்மையைச் சோதித்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாக மீதமிருந்தது கிருமிச் சோதனை. அதற்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மனிதக் கழிவு கலந்திருக்கும் பட்சத்தில் ஓரிரு நாளில் கறுத்துப்போகும். கலக்காவிட்டால் நிறம் மாறாது. குப்பியை ஜன்னலோரம் வைத்தாள். விழா மறுநாள் காலை. அதை விட்டால் துணைவேந்தர் கிடைக்கமாட்டார். அப்புறம் தேர், திருவாதிரை, ஊரே கூட்டமாகிவிடும்.

விழாவில் வாசிக்கச் சொல்லி நடனசபாபதி அவளிடம் சொல்லியிருந்த வார்த்தை 'உவர்ப்பற்ற நீர்'. மைக்கைப் பிடித்து நின்றபோது எதிரே சவரியம்மாள் முதல் வரிசையில் புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். உவர்ப்பற்ற நீர் என்றால் இவர்களில் யாருக்குப் புரியும் என்று மோகனப்பிரியாவுக்குத் தோன்றியது. நான் இந்தப் பக்கத்துப் பெண்தானே, இந்தப் பக்கத்து வார்த்தையில் சொல்கிறேன் என்று ஒரு பெருமிதமும் வந்தது.

"நாங்க டெஸ்ட் பண்ணிட்டோம். இது நல்ல தண்ணிங்க," என்றாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. சாயங்காலத்துக்குள் தெருவில் யாரோ பம்புக்கு மேலே சுவரில் நீலப் பெயிண்டால் எழுதிவிட்டார்கள். 'நல்ல தண்ணீர். பல்கலைக்கழகம் சோதித்தது.'

அவள் பொய் சொல்லவில்லை. உப்பில்லாத தண்ணீருக்கு அங்கே அதுதான் பெயர். ஆனால் தெருவில் ஒரு கிழவி சொன்னால் ஓர் அர்த்தம், பல்கலைக்கழகம் சொன்னால் வேறு அர்த்தம். விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது ஜன்னலோரத்தில் குப்பி மையைப்போலக் கறுத்திருந்தது. மூடியைத் திறந்தாள். அழுகின முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

நடனசபாபதி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரே ஒரு குப்பி. புடிக்கும்போது கை பட்டிருக்கலாம்," என்றார்.

"ஜனங்க குடிக்கிறாங்க சார்."

"இப்பதான் பேப்பர்லல்லாம் போட்டோ வந்திருக்கு மோகனப்பிரியா. அவசரப்பட்டு ஒண்ணு சொல்லிட்டோம்னா அடுத்தவாட்டி ஊர்ல எவனும் நம்மள நம்ப மாட்டான். திரும்ப ஒருதரம் பாப்போம்."

அவர் கெட்டவர் இல்லை. மாணவர்களுக்குத் தன் கைக்காசில் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவர். ஆனால் அவர் வாயிலிருந்து 'பாப்போம்' என்று வந்த எதையும் யாரும் அப்புறம் பார்த்ததில்லை. அது துறை முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். தெரிந்தே தலையாட்டினாள். குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இன்னொரு குப்பியில் பிடித்து வைத்துப் பார்க்க அவளை யாரும் தடுக்கவில்லை. பீரோ நிறையக் குப்பிகள் இருந்தன. அவள்தான் பிடிக்கவில்லை. அதுவும் கறுத்துவிட்டால் வாயைத் திறந்தே ஆகவேண்டும். பிடிக்காத வரைக்கும் அது ஒரே ஒரு குப்பிதான். அன்றிலிருந்துதான் தன் பாட்டிலைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தாள்.

பூட்டுப் போட்ட அன்று காலை, அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் செல்லாயி இடுப்பில் குடத்தோடு பம்புக்கு வந்தாள்.

"மேடம் இங்கியா சாப்புடுறீங்க? தைரியந்தான்," என்றாள்.

"ஏன், வெசமா வெச்சிருக்கேன்?" என்றாள் சவரியம்மாள் கரண்டியைக் கீழே வைக்காமல்.

"எம்புள்ள கண்ணு எலுமிச்சம்பழமாட்டம் கெடக்குது. அவன் வெளிய தின்னது ஒன் கடையில மட்டுந்தான்."

"பானிப்பூரி தின்னல? புவனகிரி போயி புரோட்டா தின்னல? ஊரையெல்லாம் தின்னுட்டு வந்து கடைசியில என் இட்லி மேல பழி."

தன் ஆட்டோவில் காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவர் அரசு தலையை மட்டும் வெளியே நீட்டினான். "சண்டை போடாதீங்க. சவரியக்கா இட்லிக்கு ஈரல்லாம் கெடாது. பல்லுதான் ஒடையும்."

"நீ மூடுறா," என்றார்கள் இரண்டு பேரும்.

சவரியம்மாள் அடுப்பை விட்டு வெளியே வந்தாள். "தா பாரு செல்லாயி. நான் கண்ட தண்ணியிலயா அரைக்கிறேன்? சட்னிக்கும் சரி, குடிக்கக் குடுக்கறதுக்கும் சரி, எல்லாம் இந்தப் பம்புத் தண்ணி. டெஸ்ட் பண்ண தண்ணி. டெஸ்ட் பண்ணவங்களே இங்க உக்காந்திருக்காங்க. கேட்டுக்க. நீயே சொல்லு பாப்பா. இது நல்ல தண்ணிதான?"

செல்லாயி பம்படிப்பதை நிறுத்தினாள். அரசு எழுந்து உட்கார்ந்தான். மோகனப்பிரியாவின் வாயில் இட்லி அப்படியே இருந்தது. விழுங்கினாள்.

"உப்பில்லாத தண்ணிதான் அக்கா," என்றாள்.

"கேட்டியா?"

"ஆனா எதுக்கும் எல்லாரும் காய்ச்சிக் குடிங்க."

"நல்ல தண்ணிய எதுக்கு மேடம் காய்ச்சணும்?" என்றாள் செல்லாயி. "கேஸு விக்கிற வெலையில."

"சீசன் சரியில்ல," என்றாள் மோகனப்பிரியா.

சவரியம்மாளின் மகள் ரேகா அப்போதுதான் வீட்டிலிருந்து வந்தாள். கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்தவள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கை நிறையக் கண்ணாடி வளையல் இன்னும் இருந்தது. பம்பின் வாயில் உள்ளங்கையைக் குவித்து வைத்தாள். செல்லாயி சண்டையை மறந்து அவளுக்காக அடித்துக் கொடுத்தாள். ரேகா குனிந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குடித்தாள்.

"இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு எங்கூருத் தண்ணிய வாயில வெக்க முடியாதுக்கா," என்றாள் மோகனப்பிரியாவைப் பார்த்து. "போவும்போது டிரம்முல புடிச்சிக்கிட்டுப் போவப் போறேன்."

தண்ணீரால் பரவுகிற இந்தக் காமாலை மற்றவர்களைப் படுக்கப் போட்டுவிட்டு எழுப்பிவிடும். பிள்ளைத்தாய்ச்சிகளை அப்படி விடாது. மோகனப்பிரியா இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறாள். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறாள். தட்டைக் கீழே வைத்தாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "லேட்டாச்சுக்கா," என்று எழுந்து, சுவரை ஒட்டியே நடந்து மெயின் கேட்டுக்குப் போனாள்.

நடனசபாபதியிடம் போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்ததும் அறைக்கதவைச் சாத்தினார். "ஹாஸ்டல் தொட்டியில வெடிப்பு இருக்குது. கட்டடம் பாக்குற எஸ்டேட் ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். சத்தமில்லாம சரிபண்ணிடுவாங்க," என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உங்க நிரந்தர ஃபைலும் இந்த மாசந்தான் போகுது," என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனாலேயே அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் கேன் தண்ணீர் வாங்கி, அரசுவின் ஆட்டோவில் ரேகாவுக்கென்று அனுப்பினாள். மறுநாள் சவரியம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கென்ன பைத்தியமா? வாசல்லியே நல்ல தண்ணி இருக்கச்சொல்ல காசு குடுத்து வாங்கி அனுப்புற. காமாலைக்காரப் புள்ளைக்கு ஆவட்டும்னு செல்லாயி வூட்டுல எறக்கச் சொல்லிட்டேன்." சண்டை போட்டவள் வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி அவளுக்கே ஒரு சின்னப் பெருமை. மோகனப்பிரியா அதற்குமேல் கேன் அனுப்பவில்லை. என்ன காரணம் சொல்லி அனுப்புவது?

பங்குனி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அரசு போன் செய்தான்.

"மேடம், ரேகாவக் கடலூர் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்குது. நாலு நாளாச்சு. காமாலைதான். சவரியக்கா ஒங்கள ஒருதரம் வரச் சொல்லுச்சு. டாக்டருங்க பேசறது அதுக்கு வெளங்கலையாம்."

பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்டில் எழுதிய வரி பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்காமலே பையை எடுத்துக்கொண்டாள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து காய்ந்து நின்றது. என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒவ்வொரு வாக்கியமாக அடுக்கினாள். 'நாங்க ஒரு சோதனை பண்ணினப்ப' என்று ஒன்று. 'பல்கலைக்கழகத்துல அப்ப நெனச்சது என்னன்னா' என்று இன்னொன்று. எல்லா வாக்கியமும் 'நாங்க' என்றே தொடங்கின. 'நான்' என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை வரவில்லை. பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற இடத்தில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். மோகனப்பிரியா எழுந்து இடம் கொடுத்தாள். அந்தப் பெண், "பரவால்லக்கா, நீங்க உக்காருங்க," என்றாள். மோகனப்பிரியா உட்காரவில்லை. கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

ரேகாவின் கண் பாதி மூடியிருந்தது. மூடாத பாதி மஞ்சளாகத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. வளையல்களைக் கழற்றிவிட்டு மணிக்கட்டில் ஊசி ஏற்றியிருந்தார்கள். சவரியம்மாள் கட்டிலோரம் நின்று, ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா பாப்பா," என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "டாக்டரம்மா நெறைய தண்ணி குடுக்கச் சொல்லியிருக்காங்க. நல்ல தண்ணியாப் பாத்துக் குடுக்கணும்னாங்க. இங்கத்துத் தண்ணி எப்பிடியோ என்னமோ. அதான் அரசுகிட்ட சொல்லித் தெனம் நம்ம பம்புலேருந்தே புடிச்சியாறச் சொல்லிட்டேன்."

ரேகாவின் தலையைத் தூக்கி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். மோகனப்பிரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீர் தளும்பி விரிப்பில் விழுந்தது.

"குடுக்காதக்கா."

"ஏன்?"

"அது நல்ல தண்ணி இல்ல. ஹாஸ்டல் கழிவு கலந்திருக்கு. ரேகாவுக்கும் அதனாலதான் வந்திருக்கு. எல்லாருக்கும் அதனாலதான்."

சவரியம்மாள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே, கட்டிலுக்கு அடியில், எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள். பாட்டிலை இறுக்கி மூடினாள். மகளின் தலையைத் தலையணையில் மெதுவாக வைத்து, வாயோரம் இருந்த ஈரத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். இரண்டு மூன்று தடவை துடைத்தாள். பிறகு வராந்தாவுக்கு நடந்தாள். மோகனப்பிரியாவும் பின்னாலேயே போனாள்.

"எப்பத் தெரியும்?"

"திருவாதிரை லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு."

வராந்தாவில் யாரோ ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரம் கீச்சிடுகிற சத்தம் திரும்பும் மூலை வரைக்கும் கேட்டு அடங்கியது. திட்டுவாள், அழுவாள், கன்னத்தில் அறைவாள் என்று மோகனப்பிரியா காத்திருந்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அதுக்குதான் பாட்டிலா?" என்றாள் சவரியம்மாள் கடைசியில்.

மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வேற நெனச்சேன். மேடமாயிட்டா, நம்ம டம்ளர்ல வாய வெக்க இப்ப கூச்சமா இருக்குதுன்னு நெனச்சேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துது. போவட்டும், எல்லாரும் அப்பிடித்தானன்னு உட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு அதுவே தேவல," என்றாள்.

உள்ளே ரேகா முனகினாள். சவரியம்மாள் திரும்பி ஓரடி வைத்தவள் நின்றாள்.

"தெருவுல போயி சொல்லுங்க. நான் சொன்னா, கடைக்காரி தப்பிக்கப் பாக்குறான்னுவாங்க. நல்ல தண்ணின்னு சொன்ன வாயே போயி சொல்லட்டும்."

'சொல்லு' என்பது 'சொல்லுங்க' ஆகிவிட்டதை மோகனப்பிரியா பஸ் நிலையத்துக்கு நடந்து பாதி தூரம் போன பிறகுதான் உணர்ந்தாள்.

மேட்டுத்தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது. பம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் இருந்தன. செல்லாயி அடித்துக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா பம்பின் பக்கத்தில் போய் நின்றாள். விழா அன்றைக்கு மைக் இருந்தது, நாற்காலிகள் இருந்தன. இப்போது அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"யாரும் குடிக்காதீங்க. இது நல்ல தண்ணி இல்ல."

செல்லாயி கையை நிறுத்தினாள். குழாயில் ஒழுகியதை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் விட்டாள். "கரிக்கலியே மேடம்."

பக்கத்தில் நின்றவளும் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தாள். "உப்பே இல்ல. நல்லாத்தான் இருக்குது." இன்னொருத்தி குடத்தில் கைவிட்டாள். நல்ல தண்ணி இல்லை என்று சொல்லப்பட்ட தண்ணீரை அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்து இனி எதையும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

"துப்புங்க," என்றாள். "ஹாஸ்டல் கக்கூஸ் தொட்டி வெடிச்சு இதுல கலக்குது. பீத்தண்ணி இது."

அப்படியொரு வார்த்தையை அவள் அந்தத் தெருவில் நின்று சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குடத்தில் கைவிட்டவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். ஒருத்தி சாக்கடையோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அரசு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தான். அவனுடைய கேலியெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "இதத்தான தெனம் நான் கடலூருக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். சுருக்கப் போவணும்னு டோல்கேட்டுல வேற சண்ட போட்டேன்," என்றான். பிறகு அவளைப் பார்த்து, "நல்ல தண்ணின்னு சொன்னது நீங்கதான மேடம்?" என்றான்.

"நாந்தான்."

"தெரிஞ்சேவா?"

"சொல்லும்போது தெரியாது. அப்புறம் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

எப்படியோ அவள் பதில் 'நான்' என்று தொடங்கிவிட்டிருந்தது. அதனால் நெஞ்சின் பாரம் குறையும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். குறையவில்லை.

செல்லாயி தன் குடத்தைக் காலால் சாய்த்தாள். "சவரி கடையில தின்னாதான் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே," என்றாள், யாரிடம் என்றில்லாமல். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடங்களைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு பூட்டிய கேட்டின் அடியில் புகுந்து உள்ளே போனது. யாரும் அவளைத் திட்டவில்லை. காலிக் குடங்களோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

தொட்டியைச் சரிசெய்தார்கள். பம்பின் வாயில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். சுவர் எழுத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள். பின்கேட்டுப் பூட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. தெருவில் போய் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று நடனசபாபதி வருத்தப்பட்டார். வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். "பாப்போம்," என்றார்.

ரேகாவுக்கு மாதம் நிறைவதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எடை ஏறினால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். ரேகாவின் கண்ணில் மஞ்சள் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் இறங்கியது.

மோகனப்பிரியா தினமும் விடிந்ததும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கடலூர் போய்விட்டு, பிறகு வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் அவள் வார்டு வாசலில் தூக்கை நீட்டியபோது சவரியம்மாள் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள்.

"மொதல்ல நீங்க குடிங்க மேடம்," என்றாள்.

அது சவரியம்மாளின் கடை டம்ளர். அடியில் பெயர் வெட்டியிருக்கும். மோகனப்பிரியா அதை வாங்கி, வாயை வைத்துக் குடித்தாள். அவள் தொண்டை அசைந்து நிற்கும் வரைக்கும் சவரியம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளும் கொண்டுபோனாள். மறுநாளும் அந்த டம்ளர் வெளியே வந்தது. அவள் குடித்தாள்.